எக்செல்லில் வரிகளின் கூட்டுத்தொகை கடைசி இலக்கத்தில் மாறுவது ஏன்?

கேள்வி
வணக்கம். ஒவ்வொரு வரியிலும் அளவை விலையால் பெருக்கி, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி அமைத்திருக்கிறேன். மூன்று வரிகளில் 10.33 எனத் தெரிகிறது. அச்செடுத்த தாளைப் பார்த்துக் கையால் கூட்டினால் 30.99 வருகிறது, எக்செல்லோ 31.00 என்று காட்டுகிறது. சரிபார்ப்பவர் தாளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். எதைச் சரியென்று கொள்வது?

பதில் 1
தசம இலக்கங்களைக் குறைத்துக் காட்டுவது தோற்றத்தை மட்டுமே மாற்றும். உள்ளே இருப்பது 10.334 என்றால், எக்செல் அதையே கூட்டி, விடையான 31.002ஐ 31.00 எனக் காட்டும். பிறர் கூட்டிப் பார்க்கப்போகும் தாளில் கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு என்பது என் உறுதியான கருத்து. ஆகவே ஒவ்வொரு வரியின் பெருக்கலையும் ரவுண்ட் ஃபார்முலாவுக்குள் வைத்து, இரண்டு இலக்கங்கள் எனக் குறிப்பிட்டு, அந்த மதிப்புகளைக் கூட்டுங்கள், 30.99 வரும். கூட்டுத்தொகையை மட்டும் ரவுண்ட் செய்தால் இந்த வேறுபாடு அப்படியே இருக்கும்.

பதில் 2
மேலே சொன்னது சரி. ஆனால் காட்டப்படும் துல்லியத்திலேயே மதிப்புகளை வைத்துக்கொள்ளும் அமைப்பு ஒன்று எக்செல்லில் இருக்கிறது. அது எளிய வழி என்று எண்ணி அதைத் தொட வேண்டாம். கோப்பு முழுவதிலும் நேரடியாக உள்ளிட்ட எண்களின் மீதி இலக்கங்களை அது நிரந்தரமாக வெட்டிவிடும், பிறகு அமைப்பை மாற்றினாலும் அவை திரும்பி வாரா.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி, வரிகள் பொருந்திவிட்டன. இன்னொரு தாளில் 100ஐ மூவருக்குச் சமமாகப் பங்கிட்டால், ரவுண்ட் செய்த பின் 99.99தான் வருகிறது. அங்கே கூட்டுத்தொகை மாறக் கூடாது.

பதில் 1
அங்கே முதல் இரண்டு பங்குகளை மட்டும் ரவுண்ட் செய்து, மூன்றாவதை மொத்தத்திலிருந்து அவற்றைக் கழித்துப் பெறுங்கள், 33.34 வரும். பங்குகள் சமமில்லாதபோது, எல்லாவற்றையும் கீழ்நோக்கி ரவுண்ட் செய்துவிட்டு, வெட்டுப்பட்ட பின்னம் எதில் பெரியதோ அதிலிருந்து தொடங்கி 0.01 வீதம் மீதியைச் சேர்ப்பதே நியாயமானது.

பதில் 3
இரண்டு கூட்டுத்தொகைகள் பொருந்துகின்றனவா என்று ஃபார்முலாவால் சோதிப்பதாயின், நேரடியாகச் சமக்குறி போட்டு ஒப்பிட வேண்டாம். 0.1 போன்ற எண்ணைக் கணினி பயன்படுத்தும் இரும முறையில் (0, 1 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டும் கொண்ட எண்முறை) முழுத் துல்லியமாக எழுத இயலாததால், மிக நுண்ணிய வேறுபாடு எஞ்சி, சமமில்லை என்ற விடை வரக்கூடும். வித்தியாசத்தை இரண்டு இலக்கங்களுக்கு ரவுண்ட் செய்து, அது சுழியமா என்று பாருங்கள்.