போர்ப் புனைவில் கொடூரப் பக்கங்களைத் தாண்டிப் படிக்கலாமா?

நடுநிசிவாசகி:
போர் நாவலில் வல்லுறவு வரும் அத்தியாயத்தை மட்டும் தாண்டிவிட்டு மீதியைப் படிப்பதெல்லாம் வாசிப்பே இல்லை. 1947 பஞ்சாபிலும் 1971 வங்கதேசத்திலும் சிக்கிய பெண்களுக்குப் பக்கத்தைப் புரட்டும் வசதி இருந்ததா என்ன?

மூன்றாம்வரி:
நாம வதைபட்டா அவங்களுக்கு என்ன கிடைக்குது? உருது எழுத்தாளர் மண்ட்டோவோட 'கோல் தோ' ('திற') சிறுகதையை எடுங்க. வல்லுறவுக் காட்சின்னு ஒரு வரி கிடையாது. டாக்டர் சன்னலைக் காட்டி 'திற'ங்கிறார். பிரிவினைக் கலவரத்துல காணாமப்போய்க் கிடைச்ச சகீனா பிணம் மாதிரிக் கிடக்கிறா, அவ கை சல்வார் நாடாவை அவிழ்க்குது. 'என் பொண்ணு உயிரோட இருக்கா!'ன்னு அப்பா சந்தோஷத்துல கூவுறார், டாக்டருக்கு வியர்த்துக் கொட்டுது. எத்தனை நாள், எத்தனை பேர், எல்லாம் அந்த விரல்லயே இருக்கு.

நடுநிசிவாசகி:
அப்படி மறைத்து எழுதியதற்கே 1948-ல் அதை வெளியிட்ட பத்திரிகைக்கு ஆறு மாதத் தடை! நாவல் முழுக்கச் சூசகமாகவே போனால் 'மானம் போச்சு' என்ற பழைய பூசிமெழுகல்தான் மிஞ்சும். போஸ்னியப் போரில் நடந்த வல்லுறவுகள் பற்றிய ஃபோச்சா நகர வழக்கில் சாட்சிகள் எந்த விளையாட்டரங்கம், எந்த வீடு என்று சொன்னார்கள். 2001-ல் ஹேக் தீர்ப்பாயம் அந்த வல்லுறவுகளை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றது.

ஒற்றைப்பனை:
சாட்சியம் குற்றத்தை நிரூபிக்கணும், புனைவுக்கு அந்த வேலை இல்லை. காட்சியைச் சோதிக்க ஒரு வழி: அவள் உடம்புக்குப் போட்ட அடைமொழிகளை எல்லாம் பென்சிலால் அடியுங்கள். பத்தியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அது தாக்குகிறவனின் கண். கூரை விரிசலும் பூட்ஸில் காய்ந்த சேறும் மிஞ்சினால் பார்ப்பது அவள். அப்புறம் பக்கக் கணக்கு. சம்பவத்துக்கு 40, பிந்தைய வாழ்க்கைக்கு 4 என்றால் ஆசிரியருக்கு வேண்டியது சம்பவம்தான். (அட்டையில் கிழிந்த புடவை இருந்தால் பென்சிலே தேவையில்லை.)

மூன்றாம்வரி:
சரியான கணக்கு. படிக்கிறவங்களுக்கு: பகல்ல, ஒரு தடவைக்கு 20 பக்கம் போதும். ஒரே பத்தியை மூணாவது தடவை படிச்சும் மண்டையில ஏறலைன்னா மனசு மரத்துப்போச்சு, மூடிடுங்க. தாண்டுறதா இருந்தா அத்தியாயத்தோட கடைசிப் பக்கத்தை மட்டும் படிங்க, கதை அறுபடாது. ஒலிநூல் வேண்டாம். கண்ணு வரியைத் தாவும், காதுக்கு அது முடியாது.

நடுநிசிவாசகி:
ஒலிநூல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். தாண்டுகிறவர்கள் தாண்டட்டும். ஆனால் படிக்காத பக்கத்தை 'மிகை' என்று விமர்சனத்தில் எழுதாதீர்கள்.

மூன்றாம்வரி:
அதுல நமக்குள்ள சண்டையே இல்லைங்க.