மாடியில் புது ரவுட்டர் வைத்ததும் கீழ் வீட்டிலும் நெட் வராமல் போகிறது, உதவுங்கள்

கேள்வி:
கீழே அப்பா அம்மா, மாடியில் நாங்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு, பில்லைப் பாதிப் பாதி கட்டுகிறோம். இணைப்புப் பெட்டி கீழே ஹாலில் இருப்பதால் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குச் சிக்னல் சரியாக வருவதில்லை. அதனால் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்துக் கேட் 6 கேபிள் இழுத்து, இரண்டு முனையையும் இரண்டு பெட்டிகளின் லேன் போர்ட்டில் (வீட்டுக்குள் உள்ள கருவிகளை இணைக்கும் துளை) செருகினேன். முதல் நாள் நன்றாக ஓடியது. மறுநாளிலிருந்து சில போன்களில் வைஃபை சேர்கிறது, ஆனால் நெட் வருவதில்லை, கீழே அம்மா போனிலும் அப்படித்தான். தினமும் தங்கையோடு வீடியோவில் பேசுபவர்கள், இரண்டு நாளாகப் பேச முடியாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெட்டி பழுதா, கேபிள் பழுதா?

பதில்:
நெட் வராத போனில் வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி முகவரியும் கேட்வேயும் (போன் நெட்டுக்குப் போகும் பெட்டியின் முகவரி) என்னவென்று பாருங்கள். ஓடுகிற போனிலும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஓடுவதில் 192.168.1.7, கேட்வே 192.168.1.1. ஓடாததில் 192.168.0.103, கேட்வே 192.168.0.1.

பதில்:
அப்படியென்றால் எதுவும் பழுதில்லை. 192.168.0.1 என்பது உங்கள் புது ரவுட்டர். போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை இப்போது இரண்டு பெட்டிகளும் செய்கின்றன, எது முந்துகிறதோ அதனிடம் போன் வாங்கிக்கொள்கிறது. புது ரவுட்டரிடம் வாங்கிய போன் நெட்டுக்கும் அதனிடமே போகும், ஆனால் அதன் இன்டர்நெட் போர்ட் காலியாக அல்லவா இருக்கிறது? ஏற்கெனவே கிடைத்த முகவரி காலாவதியாகும் வரை பழைய போன்கள் ஓடும், அதனால்தான் முதல் நாள் தெரியவில்லை.

கேபிளைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைப் புது ரவுட்டரில் மட்டும் சேருங்கள். முதலில் அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அது மறுபடி உயிர்பெற்றதும் அந்தப் புது முகவரியில் நுழைந்து டிஹெச்சிபியை நிறுத்துங்கள், அப்புறம் கேபிளைப் பழையபடி லேன் போர்ட்டிலேயே செருகுங்கள். வரிசையை மாற்றி டிஹெச்சிபியை முதலில் நிறுத்தினால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் உள்ளே நுழைவதே சிரமமாகிவிடும். கீழ்ப் பெட்டி இந்த 2-ஐ வேறு போனுக்குக் கொடுத்துவிடாமல் அது கொடுக்கும் முகவரி வரம்பை 192.168.1.10-லிருந்து தொடங்க வையுங்கள்.

இன்னொருவர்:
ஆக்சஸ் பாயின்ட் மோட் (முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் அமைப்பு) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதுமே. இல்லையென்றால் கேபிளை இன்டர்நெட் போர்ட்டில் செருகினாலும் ஓடும்.

பதில்:
அந்த மோட் இருந்தால் அதுவே நல்லது. இன்டர்நெட் போர்ட் வழியிலும் நெட் வரும், ஆனால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும், கீழே உள்ள பிரின்டரை மாடிப் போன் தானாகக் கண்டுபிடிக்காது. ஒரே குடும்பத்துக்கு அது வேண்டாம்.

கேட்டவர்:
அந்த மோட் இல்லை, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன், எல்லாப் போனிலும் நெட் வந்துவிட்டது, பிரின்டரும் மாடியிலிருந்து ஓடுகிறது. மிக்க நன்றி அண்ணா. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர் வைக்கலாமா?

பதில்:
தாராளமாக. பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1, மாடியில் 11 வைத்தால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. சில பழைய போன்கள் பிடித்த சிக்னலைச் சீக்கிரம் விடாது தம்பி, அதற்கு மட்டும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். இப்போதுதான் அம்மா தங்கையோடு வீடியோவில் பேசிக்கொண்டே படியேறி மாடிக்கு வந்தார்கள், வீடியோ கால் அறுபடவில்லை.