அச்சு வேலைக்குப் பதிலாக மதியச் சாப்பாடு: இந்தப் பண்டமாற்று கட்டுபடியாகுமா?

கேள்வி (அச்சக உரிமையாளர், ஈரோடு):
ஆறு பேர் வேலை செய்யும் சிறிய ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். முகூர்த்தங்கள் இல்லாத ஆடி மாதத்தில் எந்திரங்கள் பாதி நாள் சும்மா நிற்கின்றன. எங்கள் தெருவில் மெஸ் நடத்துபவர், 19,200 ரூபாய்க்கான பில் புத்தகங்களும் மெனு அட்டைகளும் அச்சிட்டுத் தந்தால், அதற்கு ஈடாக என் ஆட்கள் ஆறு பேருக்கும் சாப்பாடு 80 ரூபாய் வீதம் 40 நாள் மதிய உணவு தருவதாகச் சொல்கிறார். இதற்கு ஒப்புக்கொள்ளலாமா?

பதில் (கணினி பழுதுநீக்கும் கடை, கரூர்):
ஐயா, முதலில் அந்த 19,200 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். காகிதம், பிளேட், மை ஆகியவற்றை நீங்கள் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சும்மா கிடப்பது எந்திர நேரமும் ஆள் நேரமும் மட்டுமே. ஆகவே பொருள் செலவைப் பணமாகவும் வேலைக்கூலியைச் சாப்பாடாகவும் வாங்கிக்கொள்வதே நியாயமானது. அடுத்து, இப்போது ஆட்களின் மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் செலவு செய்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள். செய்கிறீர்கள் என்றால் அந்தப் பணம் கையில் மிஞ்சும். அவர்கள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருபவர்கள் என்றால், இதுவரை இல்லாத ஒரு செலவை நீங்களே வரவழைத்துக்கொள்வதாக ஆகும். எப்படியிருந்தாலும் இதைக் காட்டிச் சம்பளத்தில் பிடித்தம் செய்துவிடாதீர்கள். கூலியைப் பணமாகத் தரவேண்டும் என்பதே சட்டம்.

பதில் (வரி ஆலோசகர், சேலம்):
பணம் கைமாறாததால் வரி கிடையாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. ஜிஎஸ்டி சட்டத்தின் 7-ஆம் பிரிவு பண்டமாற்றையும் விற்பனையைப் போலவே ‘வழங்கல்’ (சப்ளை) என்றே கருதுகிறது. பணமில்லாத பரிமாற்றத்தில் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதை 27-ஆம் விதி சொல்கிறது, அதில் முதலில் வருவது வெளிச்சந்தை மதிப்பு. இருவரும் பதிவு பெற்றவர்கள் என்றால், நீங்கள் அச்சுக்கும் அவர் உணவுக்கும் முழு மதிப்பில் தனித்தனியாக பில் போட்டு, பிறகு ஒன்றுக்கொன்று நேர் செய்துகொள்ள வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மெஸ் 5 சதவீத வரி முறையில் இருந்தால், உங்கள் பில்லில் உள்ள வரியை அவர் உள்ளீட்டு வரவாக எடுக்க (அதாவது, தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள) முடியாது, அவர் பில்லில் உள்ள உணவு வரியை நீங்களும் பொதுவாக எடுக்க முடியாது. இரண்டு வரியும் செலவுதான் என்பதால், அதையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

பதில் (பாத்திர வாடகைக் கடை, திண்டுக்கல்):
நான் ஒருமுறை எழுத்தில் எதுவும் வாங்காமல் ஒரு மண்டபத்துக்கு முழு வாடகைப் பொருளையும் முன்கூட்டியே கொடுத்தேன். பதிலுக்கு மண்டபத்தை எனக்குத் தருவதாகச் சொன்ன நாட்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒருவர் பொருள் மற்றவருக்குத் தேவைப்படுவது அரிது. சுவிட்சர்லாந்தில் 1934-இல் தொடங்கிய விர் (WIR) என்ற வணிகர் பரிமாற்ற அமைப்பில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒருவருக்கு விற்றுச் சேர்த்த வரவை வேறொரு உறுப்பினரிடம் செலவழிக்கலாம். நமக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லாதவரை, பத்து நாள் சாப்பாட்டுக்கு ஒரு தவணை அச்சு வேலை என்று பிரித்துக் கொடுங்கள். மிச்சம் நின்றால் எந்தத் தேதிக்குள் பணமாகத் தரவேண்டும் என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆட்களுக்கு நாள்தோறும் சாப்பாட்டுப் படி கொடுத்துத்தான் வருகிறேன். காகிதச் செலவை மட்டும் ரொக்கமாகக் கேட்டு, முதல் தவணையாகப் பில் புத்தகங்களை மட்டும் அச்சிட்டுக் கொடுக்கப் போகிறேன்.