அப்பச்சி கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், இனி வெளியே போய்வர என்ன ஏற்பாடு செய்யலாம்?

கண்டனூர் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 77 வயது. ஊரில் அவரும் ஆத்தாவும் (அம்மா) மட்டும்தான், நான் சென்னையில் இருக்கிறேன், தம்பி சிங்கப்பூரில். கண்ணில் பிரஷர், பக்கவாட்டுப் பார்வை குறைந்துவிட்டது, இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பச்சியும் ஒரு வார்த்தை மறுக்காமல் சாவியை ஆத்தாவிடம் கொடுத்துவிட்டார். காரைக்குடியில் பேங்க், மருந்துக்கடை, கல்யாணம், அறுபது எழுபது வயதுச் சாந்தி என்று எந்நேரமும் சுற்றிக்கொண்டிருந்தவர் இப்போது முகப்பைத் தாண்டுவதே அபூர்வம். ஆஸ்பத்திரிக்கு என்றால் பங்காளி வீட்டுப் பையன் கூட்டிப்போகிறான், அதில் குறையில்லை. ஆனால் பள்ளத்தூரில் இருக்கும் சிநேகிதரைச் சும்மா பார்த்துவிட்டு வர வேண்டும் என்று இன்னொருவரிடம் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்களே, வாங்கித் தரலாமா? காரை விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

புதுவயல்காரன்:
ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம் ஆச்சி. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்கள் என்பது சரிதான். அதனால் கண் தெரிந்துவிடாதே. கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை, சொட்டு மருந்து எல்லாம் இருப்பதைக் காப்பாற்றத்தான். நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் ஓட்டுகிறவருக்கே குறை தெரியாது, சந்திலிருந்து ஒரு சைக்கிளோ ஆட்டுக்குட்டியோ குறுக்கே வரும்போதுதான் தெரியும். கண்புரை மட்டும் என்றால் வேறு, ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்பச்சிக்குப் புரையும் சேர்ந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள், அதை எடுத்தால் ஓட்ட முடியாவிட்டாலும் படி இறங்கவும் எதிரே வருகிற ஆளை அடையாளம் காணவும் உதவும்.

கார் விஷயம், இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். 15 வருடம் ஆகியிருந்தால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவும் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஆட்டோவில் எவ்வளவு போகலாம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், தேவகோட்டை:
அம்மா, நானும் இப்போது ஓட்டுவதில்லை, அதனால் உன் அப்பச்சி பக்கம் நின்று சொல்கிறேன். எங்களுக்கு வண்டி இல்லாதது பெரிய கஷ்டம் இல்லை. ஒவ்வொரு தடவையும் எங்கே, எதற்கு, எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவருக்கு விவரம் சொல்லி, அவருக்கு எப்போது தோதுப்படும் என்று காத்திருப்பதுதான் கஷ்டம். அதனால் சொந்தக்காரப் பையனை நம்பி எல்லாவற்றையும் விடாதே, அவன் நல்ல பையனாக இருந்தாலும் சரி. ஊருக்குள்ளேயே தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைப் பேசி வை. வாரத்தில் இன்ன இன்ன நாள் காலை பத்து மணிக்கு வாசலில் வண்டி வந்து நிற்க வேண்டும், போகிற இடத்தை அப்பச்சி ஏறி உட்கார்ந்த பிறகு சொல்வார். பேங்காக இருக்கலாம், சிநேகிதர் வீடாக இருக்கலாம், ஒன்றுமில்லாமல் பிள்ளையார்பட்டிவரை ஒரு சுற்றாகவும் இருக்கலாம். வண்டி எப்படியும் வரும் என்றால் கிளம்புவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை பார்.

பணத்தை நீ சென்னையிலிருந்து நேரே ஆட்டோக்காரருக்கு அனுப்பிவிடாதே. அப்பச்சி கையால் கொடுக்கட்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

காரை உடனே விற்க அவசரம் இல்லை. திருச்சி, மதுரை போக ஆக்டிங் டிரைவர் கிடைப்பார், அவர் பக்கத்தில் அமர்ந்து வழி சொல்லிக்கொண்டு போவதே அப்பச்சிக்குப் பிடிக்கும். புதுவயல் தம்பி சொல்கிற கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனாலும் சாவி கொடுத்த சூட்டோடு காரும் வாசலில் இல்லை என்றால் மனிதருக்கு எப்படி இருக்கும்?

ஆத்தாவையும் கணக்கில் சேர்த்துக்கொள். அரசு டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. பள்ளிக்கூடக் கூட்டம் குறைந்த பிறகு ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும். ஆத்தா போகிறபோது அப்பச்சி டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடப் போகலாமே.

பிசியோ, காரைக்குடி:
எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் வாசலைப் பற்றிக் கேட்கிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகள் தெருவைவிட எவ்வளவு உயரம்! முகப்புப் படி அத்தனையையும் பிடிமானம் இல்லாமல் இறங்கி ஏற வேண்டுமே என்ற பயத்திலேயே வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். கேட்டால் முட்டி வலி, வெயில் என்பார்கள், பயம் என்று சொல்ல மாட்டார்கள். படியோரம் ஒரு குழாய்க் கைப்பிடி வையுங்கள். பழைய கல்லையும் தூணையும் உடைக்காமல் தனியாக ஊன்றலாம், வீட்டு அழகு கெடும் என்று பங்காளிகள் சொன்னால் நீங்கள் பேசிச் சம்மதிக்க வைக்கத்தான் வேண்டும். வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி நிலைப்படி உயரமாக இருக்கும் இடங்களில் இரவில் விளக்கு எரியட்டும், பக்கப்பார்வை இல்லாதவருக்குக் காலடியும் சரியாகத் தெரியாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் நின்றால் உடனே துடைத்துவிடுங்கள்.

ஒரு முட்டி மட்டும் வலித்தால் கைத்தடியை வலிக்காத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும், பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரத் தினமும் பழகச் சொல்லுங்கள், ஆட்டோவில் ஏறி இறங்கத் தொடையில் பலம் வேண்டும். முதலில் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

கண்டனூர் மகள்:
ரொம்ப நன்றி. கைப்பிடி விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. ஆத்தாவிடம் போனில் கேட்டேன், அப்பச்சி இறங்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறாராம். பொங்கலுக்கு வரும்போது ஆளைப் பார்த்துப் போட்டுவிடுகிறேன். ஸ்கூட்டர் யோசனையை விட்டாயிற்று. ஆட்டோவுக்கு அங்கேயே யாராவது தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள் அண்ணன்.

புதுவயல்காரன்:
பொங்கல் வரை தள்ளாதீர்கள் ஆச்சி. வெல்டிங் பட்டறை இங்கேயே இருக்கிறது, படியின் அளவை ஆத்தாவிடம் எடுக்கச் சொல்லி ஒரு போட்டோவும் அனுப்புங்கள். ஆட்டோவுக்கு ஸ்டாண்டில் விசாரித்துவிட்டுத் தனிச்செய்தியில் சொல்கிறேன்.