கோடை விடுமுறை: பழைய நாவலும் கைத்தையலும், எங்கே தொடங்குவது?

காட்பாடி அம்மா:

வணக்கம். மகள் ஒன்பதாவது முடித்திருக்கிறாள். பள்ளி திறக்க ஏறக்குறைய ஆறு வாரம் இருக்கிறது. பழைய தமிழ் நாவல்கள் படிக்க வேண்டும், கூடவே கையால் ஏதாவது தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளாகவே கேட்கிறாள். பாடப் புத்தகத்தைத் தாண்டி அதிகம் படித்ததில்லை. ஊசியில் நூல் கோர்ப்பாள், பட்டன் வைப்பாள், அவ்வளவுதான். வீட்டில் பழைய கால் மிஷின் ஒன்று ஓடாமல் நிற்கிறது.

எந்தப் புத்தகத்தில் தொடங்கினால் பாதியில் மூடி வைக்க மாட்டாள்? முதலில் எதைத் தைப்பது, எந்தத் துணி, எவ்வளவு? மிஷினை இப்போதே தொடலாமா?

பாலாற்று வாசகர்:

முதல் நாவல் எது என்று பார்த்து அங்கிருந்து வரிசையாகப் படிப்பது பெரியவர்களுக்கே சிரமம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சானது. அதில் கதை நடுநடுவே நின்று, கிளைக்கதையும் நீதியும் பக்கம் பக்கமாக வரும். பதினாலு வயதுப் பெண் முதல் வாரத்திலேயே சலித்துவிடுவாள். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதல் வாரம் சிறுகதைதான் சரி. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்', 'அன்பளிப்பு' இரண்டும் குழந்தைகளைப் பற்றியவை. முன்னதில் தீபாவளிப் புதுத்துணி வருகிறது, பின்னதில் புத்தகம் வருகிறது. உங்கள் மகள் எடுத்துக்கொண்ட இரண்டு வேலைக்கும் பொருத்தம். ஒரே உட்காரலில் முடிகிற நீளம் என்பதால், 'ஒன்றை முடித்தேன்' என்ற தெம்பு முதல் நாளே கிடைத்துவிடும். அடுத்துப் புதுமைப்பித்தனில் 'ஒரு நாள் கழிந்தது'. அவரிடம் எல்லாக் கதையும் இந்த வயதுக்கு ஆகாது, நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நாவல் என்று போகும்போது மு. வரதராசனின் அகல் விளக்கு. 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாலாஜாவும் பாலாறும் அதில் வரும். மு.வ. வாலாஜாவை அடுத்த வேலத்துக்காரர். தெரிந்த இடத்தில் கதை நடந்தால், நாவல் படித்துப் பழகாத பிள்ளைக்கு அது பெரிய பிடிமானம். இரண்டு நண்பர்களில் ஒருவன் எப்படித் தடுமாறுகிறான் என்பதுதான் கதை. அறிவுரை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், ஆனால் மொழி தெளிவு, வாக்கியம் சின்னது.

அதற்குப் பிறகு பி. ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம். 1893-இல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வரத் தொடங்கியது. முதல் பாதியில் கிராமத்துப் பேச்சும் கேலியும் இன்றைக்கும் சிரிக்க வைக்கும். பின்பாதியில் கதை வேதாந்தத்துக்குத் திரும்பிவிடும். அங்கே வேகம் குறைந்தால் அவள் வாசிப்பில் கோளாறு என்று நினைக்க வேண்டாம், நாவலே அப்படித்தான் திரும்புகிறது.

பழைய புத்தகம் எதைத் திறந்தாலும் நேரக் கணக்கு குழப்பும். ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி, ஏழரை நாழிகை ஒரு சாமம். இதைத் துண்டுத் தாளில் எழுதிப் புத்தகத்திலேயே செருகி வைக்கச் சொல்லுங்கள். மற்றபடி தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி எடுத்தால் கதை அறுந்துபோகும். அடியில் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, அத்தியாயம் முடிந்த பிறகு மொத்தமாகப் பார்க்கலாம். நூலகப் புத்தகமென்றால் புள்ளியும் கூடாது, தனி நோட்டில் பக்க எண்ணைக் குறிக்கலாம்.

வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பதிப்புரிமை தீர்ந்த பழைய நாவல்கள் பலவும், நாட்டுடைமையான கல்கியின் நாவல்களும் மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் போனில் படிக்க விடாதீர்கள். அச்சில் படிப்பதுதான் இந்த வயதில் நிற்கும்.

குடியாத்தம் தையல்:

அக்கா, நான் தையல் பக்கம் சொல்றேன்.

எதைத் தைச்சாலும் முதல்ல துணிய நனைச்சு, காய வச்சு, அயர்ன் பண்ணிட்டுத்தான் வெட்டணும். புதுப் பருத்தித் துணி நூத்துக்கு மூணுலருந்து அஞ்சு பங்கு வரைக்கும் சுருங்கும். தைச்ச பிறகு துவைச்சா துணி சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது, தையல் ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்துடும். புதுசா தைக்கிறவங்க 'நான் சரியாத் தைக்கல'ன்னு கவலைப்படறதுல பாதி இதுதான்.

வேலூர் லாங் பஜார் பக்கம் துணிக்கடையில காடா (வெளுக்காத கெட்டிப் பருத்தி), பாப்லின் (நெருக்கமா நெய்த மெல்லிசுப் பருத்தி) ரெண்டும் கேளுங்க. சாட்டின், ஜார்ஜெட், ரேயான் பக்கம் இப்போ போகவே வேணாம், கையில நழுவும், வெட்டின ஓரம் பிரியும். நம்ம குடியாத்தம் கைத்தறி லுங்கி பழசு ஒண்ணு வீட்டுல இருந்தா அதைவிட நல்ல பழக்கத் துணி கிடையாது. கட்டத்தோட கோடே ஸ்கேல் மாதிரி. அந்தக் கோட்டு மேலயே ஓட்டுத் தையல் (ஊசிய மேலயும் கீழயுமா மாத்தி மாத்தி விட்டு நேராப் போறது) போட்டாத் தையல் கோணாது, ஒரு கட்டத்துக்கு எத்தனை தையல்னு எண்ணியும் பார்க்கலாம். அங்குலத்துக்கு ஆறு வந்தாப் போதும், பழகப் பழக எட்டு வரும்.

ஊசி வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. கை ஊசியில நம்பர் கூடக்கூட ஊசி மெலிசு. மிஷின் ஊசியில தலைகீழ், நம்பர் கூடினா தடிமன். கைக்கு 7 இல்ல 8, மிஷினுக்குக் காடான்னா 16, பாப்லின்னா 14. நூல் ஒரு முழத்துக்கு மேல கோர்க்கக் கூடாது. நீளமா கோர்த்தா முறுக்கேறி நடுவுல முடிச்சு விழும். மெழுகுவத்தி மேல ஒரு இழுப்பு இழுத்துட்டுத் தைச்சா முடிச்சு குறையும்.

முதல் வேலை புத்தக உறை. மூடின புத்தகத்தைச் சுத்தி டேப் வச்சு அளங்க. விரிச்சு வச்சு அளந்தா உறை போட்ட பிறகு புத்தகம் முழுசா மூடாது. உதாரணத்துக்கு உயரம் எட்டரை, அட்டை அகலம் அஞ்சரை, முதுகு ஒண்ணரை இஞ்ச்னு வைங்க. சுத்தளவு பன்னிரண்டரை. அதோட தளர்ச்சிக்குக் கால், ரெண்டு பக்க மடிப்புக்கு ரெண்டரை ரெண்டரையா அஞ்சு, ஓரத்துக்கு அரை அரையா ஒண்ணு. ஆக நீளம் பதினெட்டே முக்கால். உயரத்துக்குத் தளர்ச்சி கால், தையலுக்கு ஒண்ணு, ஆக ஒன்பதே முக்கால்.

குறுகலான ரெண்டு ஓரத்தையும் கால் இஞ்ச் வீதம் ரெண்டு தடவை மடிச்சு ஹெம்மிங் (மடிப்பைத் துணியோட சேர்த்துப் பிடிக்கிற சின்னத் தையல்) போடுங்க. அப்புறம் நல்ல பக்கம் மேல இருக்கிற மாதிரி விரிச்சு, ரெண்டு முனையையும் ரெண்டரை இஞ்ச் உள்ள மடிச்சு, மடிப்பு வர்ற இடத்துல மட்டும் மேலயும் கீழயும் அரை இஞ்ச் உள்ளத் தள்ளிக் கெட்டித் தையல் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசிய ஒரு அடி பின்னாடி போய்க் குத்தி எடுக்கிறது). மூலையைக் குறுக்கா வெட்டிட்டுத் திருப்புங்க. வெட்டு தையலைத் தொடக் கூடாது. மூலையைத் தள்ள கத்திரி முனை ஆகாது, துணி பொத்துக்கும். பென்சிலோட மழுங்கின பக்கம் போதும். நடுவுல மிஞ்சற ஓரத்தை உள்ள மடிச்சு ஹெம்மிங் பண்ணா உறை தயார்.

கத்திரி வெயில்ல கை வேர்த்து ஊசி துணியில இறங்காம முரண்டு பண்ணும். விரல்ல கொஞ்சம் பவுடர் தொட்டுக்கலாம். வேலை முடிஞ்சதும் ஊசியத் துணியிலேயே விட்டு வைக்காதீங்க, வேர்வை பட்டுத் துருப்பிடிச்சுக் கறை விழும்.

காட்பாடி அம்மா:

இருவருக்கும் மிக்க நன்றி. லுங்கி ஒன்று இருக்கிறது, சிவப்புக் கட்டம், சாயம் போகிறது. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் நிற்கும் என்கிறார்கள், சரியா? நூலகத்துக்குக் கொண்டுபோக ஒரு ஜோல்னா பை தைக்க வேண்டும் என்றும் கேட்கிறாள். அளவு சொல்ல முடியுமா? படித்ததை எழுதி வைக்க நோட்டும் அவளே செய்யலாமா?

ராணிப்பேட்டை பைண்டிங்:

நோட்டு கண்டிப்பாகச் செய்யலாம், அரை மணி நேர வேலை. ஏ4 தாள் எட்டை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 32 பக்கம். பத்துத் தாளுக்கு மேல் போனால் நடுத்தாள்கள் வெளியே துருத்தும், மடிப்பும் உட்காராது. மேலே கெட்டி அட்டைத் தாள் ஒன்று. மடிப்பின் நீளம் 21 சென்டிமீட்டர். அதில் சரி நடுவில் பத்தரையில் ஒரு துளை, இரண்டு முனையிலிருந்தும் 3 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொரு துளை. எல்லாத் தாளையும் சேர்த்துப் பிடித்து உட்பக்கத்திலிருந்து குத்தூசியால் குத்த வேண்டும். தனித்தனியாகக் குத்தினால் துளைகள் நேர்க்கோட்டில் வராது.

நூல் 70 சென்டிமீட்டர், மெழுகு தேய்த்தது. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே, நீள இழையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். அந்த இழையை நடுவில் அடக்கி முடிச்சுப் போடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் வந்துவிட்டால் முடிச்சு பிடிக்காது, தையல் தொங்கும். இறுக்கும்போது நூலை மடிப்பின் நீளவாக்கில் இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் தாள் துளையிலிருந்தே கிழியும்.

நம்ம பக்கம் இன்னொன்றும் எளிதில் கிடைக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு எங்கும் தோல் வேலை. துண்டுத் தோல் கேட்டால் கிடைக்கும். ஒன்றரைக்கு ஆறு இஞ்ச் வெட்டினால் அழகான பக்கக்குறி. ஓரத்தில் தையல் போட ஆசைப்பட்டால் முதலில் குத்தூசியால் துளை போட்டுவிட்டுச் சாதாரண ஊசியால் தைக்கலாம். துளை போடாமல் அழுத்தினால் ஊசி உடையும், விரலில் ஏறும். சாயத் தோலை ஈர வெள்ளைத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் நூலகப் புத்தகத்துக்குள் வைக்கவே கூடாது.

குடியாத்தம் தையல்:

உப்பை நம்பாதீங்க அக்கா. ஒட்டாத சாயத்தை உப்பு பிடிச்சு வைக்காது. பச்சத் தண்ணியில தனியா ஊற வச்சு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுங்க. அஞ்சாறு அலசலுக்கு அப்புறமும் விட்டுக்கிட்டே இருந்தா அந்தத் துணியப் புத்தக உறைக்கு வைக்காதீங்க, தையல் பழக மட்டும் வச்சுக்கலாம்.

பைக்குக் காடா, 36 இஞ்ச் பன்னாவுல (துணியோட அகலம்) ஒண்ணேகால் மீட்டர். 44 பன்னா கிடைச்சா இன்னும் நிம்மதி, 36 நனைச்சா 35-க்கு வந்து இழுபறியா இருக்கும். முன்னும் பின்னும் 14 அகலம் 16 உயரத்துல ரெண்டு துண்டு. அப்புறம் மூணரை இஞ்ச் அகலப் பட்டி ரெண்டு, துணியோட நீளவாக்குல. ஒண்ணு 46, இன்னொண்ணு 32. ரெண்டையும் முனையோட முனை அரை இஞ்ச்ல சேர்த்தா 76 இஞ்ச் வளையம் வரும். அதுல பக்கம் ரெண்டும் அடியும் சேர்த்து 41, தோளுக்கு 35.

நீளப் பட்டியத் தோள் பக்கம் வையுங்க. ஜாயின்ட் ரெண்டும் பை வாய்க்கு அஞ்சு இஞ்ச் கீழ, பக்கத் தையலுக்குள்ள போயிடும். தோள்ல ஜாயின்ட் வந்தா புத்தக கனத்துக்கு அங்கதான் முதல்ல பிரியும்.

முதல்ல ரெண்டு துண்டுக்கும் வாய் ஓரத்தை ஒண்ணரை இஞ்ச்ல மடிச்சுத் தைங்க. அப்புறம் பட்டிய முன் துண்டோட, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர வச்சு அரை இஞ்ச்ல தைச்சு வாங்க. அடி மூலைக்கு அரை இஞ்ச் இருக்கும்போதே நிறுத்தி, பட்டியில மட்டும் சின்ன வெட்டு கொடுத்துத் திருப்பணும். வெட்டாமத் திருப்பினா மூலையில துணி குவிஞ்சு வீங்கும். பின் துண்டுக்கும் இப்படியே. பை வாய் முடியற நாலு இடத்துலயும் ஒரு இஞ்ச் நீளத்துக்குத் திரும்பத் திரும்ப மூணு தடவை தைங்க, கனம் முழுக்க அங்கதான் இறங்கும். தோள் பட்டி ஓரத்தை ரெண்டு பக்கமும் மடிச்சுத் தைச்சா முடிஞ்சது.

இந்தப் பைய மிஷின்ல தைக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வாரம் நூல் கோர்க்காம, பழைய நோட்டுத் தாளோட கோட்டு மேல ஓட்டிப் பழகணும். கால் மிஷின்ல சக்கரம் பின்னாடி சுத்தினா நூல் அறுந்துடும், கால் பழகற வரைக்கும் இது நடந்துக்கிட்டே இருக்கும். எண்ணெய் மிஷின் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் ஊத்தினா நாளடைவுல பிசின் மாதிரி இறுகிச் சக்கரமே நகராது. பெல்ட் தளர்ந்திருந்தா கால் இஞ்ச் வெட்டிக் கொக்கி மாட்டுங்க.

காட்பாடி அம்மா:

மிஷினை இன்று துடைத்து எண்ணெய் விட்டுத் தைத்துப் பார்த்தோம். துணிக்கு அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாக வருகிறது. அடி நூல் கோளாறா? பிறகு, பொன்னியின் செல்வன் இந்த ஆறு வாரத்தில் ஆகுமா?

குடியாத்தம் தையல்:

அடியில கொத்து விழுந்தா கோளாறு மேல் நூல்ல. மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவுல நூல் உட்காரலன்னு அர்த்தம். துணிய அமுக்கிப் பிடிக்கிற பாதத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு முதல்லருந்து மறுபடி கோர்த்துப் பாருங்க. பாதம் இறங்கி இருந்தா தட்டு இறுகியிருக்கும், நூல் உள்ளப் போகாது.

பாபின் (அடி நூல் சுத்தின உருளை) சரியான்னு பார்க்க, அது உட்கார்ற கேஸோட வெளிய எடுத்து நூலைப் பிடிச்சுத் தொங்க விடுங்க. தானா வழுக்கிக்கிட்டு இறங்கினா லூஸ். லேசா உதறினா கொஞ்சம் இறங்கி நிக்கணும். அசையவே இல்லன்னா சின்ன ஸ்க்ரூவ கால் சுத்துக்கும் கம்மியா தளர்த்துங்க.

பாலாற்று வாசகர்:

பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்த கதை. வேகமாக ஓடுவதால் ஆறு வாரத்தில் முடிந்துவிடலாம், ஆனால் தையலுக்கு நேரம் மிஞ்சாது. கல்கியின் ருசி பார்க்க இப்போதைக்குப் பார்த்திபன் கனவு போதும், அளவில் சிறியது.

நீண்ட புத்தகமாகத்தான் வேண்டும் என்றால் உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தைக் கொடுங்கள். நாவல் இல்லை, தன் வரலாறு. ஆனந்த விகடனில் 1940 முதல் வந்தது, 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறவில்லை. 122 அத்தியாயம், ஒவ்வொன்றும் சின்னது. நாளைக்கு மூன்று என்றால் ஆறு வாரத்துக்குச் சரியாக வரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்ட பகுதிகளை மட்டும் விட்டுவிடாமல் படிக்கச் சொல்லுங்கள். ஏடு தேடி ஊர் ஊராக அலைகிற பகுதி வரும்போது அவளுக்கே வேகம் கூடிவிடும். வெளிச்சம் நன்றாக இருக்கிற காலை நேரத்தைத் தையலுக்கு வைத்துக்கொண்டு, வெளியே தலை காட்ட முடியாத மதியத்தைப் படிப்புக்கு விடுங்கள். மாலையில் கண் களைத்த பிறகு ஊசியைத் தொட வேண்டாம்.