காயாக் கவிழ்ந்ததும் மூக்கு மூழ்குகிறது, திரும்ப ஏற முடியவில்லை: உதவி தேவை

ஆயர்தாவார்_துடுப்பு

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, பேராக்கில் ஆயர் தாவார் பக்கம், செம்பனைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறேன். சித்தியவானில் ஒருவரிடம் பழைய காயாக் படகு ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக், 4.3 மீட்டர் நீளம், உள்ளே உட்கார்ந்து ஓட்டும் வகை. பின்னால் ரப்பர் மூடி போட்ட ஓர் அறை இருக்கிறது. தெலுக் பாத்தேக் கடலில் கரையோரமாக ஓட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை, நேராகப் போகிறது.

கவிழ்த்துப் பார்த்தபோதுதான் பிரச்சினை. நெஞ்சளவு தண்ணீரில், தம்பியைப் பக்கத்தில் நிற்க வைத்து, வேண்டுமென்றே கவிழ்த்தேன். வெளியே வருவது சுலபமாக இருந்தது. ஆனால் படகை நிமிர்த்தியதும் அதன் மூக்கு, அதாவது முன்பக்கம், தண்ணீருக்குள் இறங்கிவிட்டது, பின்பக்கம் தூக்கிக்கொண்டது. கைப்பம்பால் இறைக்க இறைக்க, உட்காரும் குழியின் விளிம்பு வழியாக அலை மறுபடி உள்ளே வருகிறது. துடுப்பின் நுனியில் காற்றுப் பை மாட்டி ஏறப் பார்த்தால் என் இரண்டு காலும் படகுக்கு அடியில் போய்விடுகின்றன. இதற்கிடையில் லைஃப் ஜாக்கெட் காது வரைக்கும் ஏறிக்கொள்கிறது. பின் அறையிலும் கொஞ்சம் தண்ணீர் நின்றது.

கோளாறு படகிலா, ஜாக்கெட்டிலா, என் பயிற்சியிலா? வீடியோவில் எல்லாரும் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடுகிறார்கள். எதைப் பார்த்துப் படிப்பது? என்றாவது பங்கோர் தீவு வரை போக வேண்டும் என்று ஆசை. கையில் அதிகம் வெள்ளி இல்லை, முதலில் எதற்குச் செலவு செய்யலாம்?

சித்தியவான்_காற்று

மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக்கு மாறிவிடுங்கள். அதில் தண்ணீர் நிற்கிற குழியே கிடையாது, ஓட்டை வழியாகத் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறினால் சரி. கரையோரத்துக்கு அது போதும்.

லூமுட்_அலை

தம்பி, விற்பதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். டார்ச் அடித்துக் கால் வைக்கும் இடத்துக்கு அப்பால் எட்டிப் பாருங்கள். அங்கே குறுக்கே தடுப்புச் சுவர் இருக்கிறதா, இல்லை மூக்கு நுனி வரை வெறுமையாக இருக்கிறதா? பின் அறையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடியுங்கள். உட்காரும் குழிக்குள் தண்ணீர் கசிகிறதா? அப்புறம் ஜாக்கெட்டின் உள்பக்கத் துணியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆயர்தாவார்_துடுப்பு

பார்த்துவிட்டேன் அக்கா. முன்னால் சுவரே இல்லை, மூக்கு வரை வெறுமை. பின்னால் ஃபோம் சுவர் இருக்கிறது, அதன் கீழ் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குப் பசை விட்டுப்போய் அங்கேதான் கசிகிறது. மேல் மூலையில் ஊசி போன மாதிரி ஒரு சின்ன ஓட்டையும் தெரிகிறது. ஜாக்கெட்டில் 50 என்றும் 12402-5 என்றும் இருக்கிறது, மற்றதெல்லாம் அழிந்துவிட்டது.

லூமுட்_அலை

அப்படியென்றால் முதல் கோளாறு படகில்தான். நிமிர்த்தியதும் உள்ளே வந்த தண்ணீர் முழுவதும் சுவர் இல்லாத முன்பக்கத்துக்கு ஓடுகிறது. பின்னால் அடைபட்ட காற்று தூக்குகிறது. குழியின் விளிம்பு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை எந்தப் பம்பும் ஜெயிக்காது. நீண்ட கடல் காயாக்கில் முன்னும் பின்னும் சுவர் வைப்பதே இதற்காகத்தான். உங்களுடையது குளத்துக்கும் கரையோரத்துக்கும் செய்தது, அதில் பின்சுவர் மட்டும்தான் வரும்.

இதற்காகப் படகை மாற்ற வேண்டாம். மூக்குக்குள் வைக்கும் காற்றுப் பை தனியாகக் கிடைக்கும். 30 லிட்டர் பை என்றால் 30 லிட்டர் தண்ணீருக்கு அங்கே இடமில்லை, அதாவது 30 கிலோ பாரம் குறைந்தது. மூக்கு நுனி வரை தள்ளி, அங்கே வைத்தே ஊதுங்கள். முக்கியம்: அதைக் கட்ட வேண்டும். கட்டாத பை கவிழ்ந்தவுடன் நழுவி வெளியே மிதந்துவிடும். கட்டும் கயிறு கால் பக்கம் தளர்வாகத் தொங்கக் கூடாது, தலைகீழாக இருக்கும்போது அது காலில் சுற்றினால் ஆபத்து. காடி மேல் ஏற்றி வெயிலில் நிறுத்துவதற்கு முன் பாதிக் காற்றை விட்டுவிடுங்கள்.

அந்த ஊசி ஓட்டையை அடைக்காதீர்கள். பல படகுகளில் அதை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். நம் ஊர் வெயிலில் மூடிய அறைக்குள் காற்று விரிந்து மூடியைத் தெறிக்க வைக்கும், சுவரையும் தள்ளும். உங்கள் பசை விட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பசை விட்ட இடத்தைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய்ந்தபின் வளையும் தன்மையுள்ள படகுப் பசையை இரண்டு பக்கமும் போடுங்கள். கண்ணாடிக்குப் பூசும் சாதாரண சிலிக்கோன் இந்த பிளாஸ்டிக்கில் நிற்காது, உரிந்து வந்துவிடும். காய்ந்ததும் அதே வாளிச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

ஜாக்கெட்: 12402-5 என்பது அந்த வகைக்கான தர எண். 50 என்றால் 50 நியூட்டன், கிட்டத்தட்ட 5 கிலோவைத் தாங்கும் மிதப்பு. நீந்தத் தெரிந்தவர் காயாக்குக்குப் போடுவது அதுதான், வகை சரி. ஆனால் அந்த எண் அது புதிதாக இருந்தபோது உள்ள கணக்கு. பழைய ஃபோம் அமுங்கி அமுங்கி மிதப்பை இழக்கும். எடை தூக்கும் இரும்புத் தட்டு 6 கிலோவுக்குக் கட்டி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஓர் இரவு விடுங்கள். இரும்பு தண்ணீருக்குள் எடை குறையும், 6 கிலோ ஏறக்குறைய 5.2 கிலோவாகத்தான் இழுக்கும். காலையில் ஜாக்கெட் மேலேயே இருந்தால் நல்லது. அடியில் கிடந்தால் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

காது வரை ஏறுவதற்குப் பெரும்பாலும் அளவும் வாரும்தான் காரணம். கீழ் இடுப்பு வாரை முதலில் இறுக்குங்கள், அப்புறம் விலா, கடைசியில் தோள். தம்பியைப் பின்னால் நிற்கச் சொல்லி இரண்டு தோள்பட்டையையும் மேலே இழுக்கச் சொல்லுங்கள். அப்போதும் தாடைக்கு மேல் போனால் அது உங்கள் உடம்புக்குப் பெரிது.

பால்மரத்தார்

தம்பி, படகைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ரப்பர் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவன், அதனால் அந்த மூடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூடியின் விளிம்பை விரலால் மடித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் வெயில் தின்றுவிட்டது, மாற்றத்தான் வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று சமையல் எண்ணெய், கிரீஸ், வாசலைன் எதையும் தடவ வேண்டாம். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பிப் பலம் இழந்துவிடும். சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சமாகத் தடவலாம். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் வையுங்கள்.

ஆயர்தாவார்_துடுப்பு

நன்றி ஐயா, விளிம்பில் வெடிப்பு இருக்கிறது. புது மூடிக்குச் சொல்லிவிட்டேன்.

அக்கா, காற்றுப் பை வந்து கட்டிவிட்டேன். மூக்கு இப்போது மிதக்கிறது, விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் நிற்கிறது, பம்ப் வேலை செய்கிறது. வாரை நீங்கள் சொன்ன வரிசையில் இறுக்கியதும் ஜாக்கெட் நகரவில்லை, ஆனால் தொட்டியில் காலைக்குள் அடிக்குப் போய்விட்டது. ஏறுவதுதான் இன்னும் வரவில்லை, கால் அடியில் போவது அப்படியேதான்.

லூமுட்_அலை

அப்போ வெள்ளியை முதலில் எதற்குச் செலவு செய்வது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது: ஜாக்கெட். போட்டுப் பார்த்து வாங்குங்கள், விசிலும் மாட்டுங்கள்.

கால் விஷயம்: நீங்கள் நின்றபடியே கையால் உடம்பைத் தூக்கப் பார்க்கிறீர்கள். முதலில் தண்ணீரில் குப்புறப் படுத்து, கால் இரண்டும் மேல்மட்டத்துக்கு வரும்வரை நீச்சல் உதை உதையுங்கள். உடம்பு கிடைமட்டமானதும் அந்த வேகத்திலேயே நெஞ்சைப் பின்தளத்தின் மேல் வழுக்கிக் கொண்டுபோங்கள். எழுந்து உட்காராமல், வயிறு தளத்தோடு ஒட்டியிருக்க, ஒவ்வொரு காலாகக் குழிக்குள் விட்டு, துடுப்பில் மாட்டிய காற்றுப் பை இருக்கும் பக்கமாகவே சாய்ந்து திரும்புங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மறுபடி தண்ணீர்தான். இருக்கையின் முதுகுச்சாய்வு உயரமாக இருந்தால் ஜாக்கெட் அதில் மாட்டும், தாழ்த்தி வையுங்கள். அப்படியும் வராவிட்டால் அகலமான நாடாவில் ஒரு வளையம் செய்து, துடுப்பில் மாட்டிக் காலால் மிதித்து ஏறலாம்.

வீடியோ பற்றிக் கேட்டீர்கள். 1880-இல் தொடங்கிய அமெரிக்கத் துடுப்புப் படகுச் சங்கமான ஏசிஏ, பிரிட்டனின் பேடல் யூகே போன்றவற்றில் பயிற்றுநர் சான்று பெற்றவர்களின் வீடியோக்களைத் தேடுங்கள். அதிலும் கவிழ்வதை நீச்சல் குளத்தில் மட்டும் காட்டாமல் அலையிலும் காட்டுபவரைப் பாருங்கள். கை அசைவு, உடல் சாய்வு எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உடையும் வானிலையும் மட்டும் வேறு. அவர்கள் குளிர்ந்த கடலுக்காகத் தண்ணீர் புகாத உலர் உடை போடச் சொல்வார்கள். நம் கடல் வெதுவெதுப்பு, இங்கே ஆளைச் சாய்ப்பது வெயிலும் தாகமும். நீளக்கை மெல்லிய சட்டை, கழுத்தை மூடும் தொப்பி, எட்டும் இடத்தில் குடிதண்ணீர்.

‘அதிகாலையில் போ, காற்று இருக்காது’ என்பார்கள். இங்கே அதை அப்படியே நம்பாதீர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா காற்று என்ற இடிமழைச் சூறை விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் மேற்கிலிருந்து வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். தெலுக் பாத்தேக்கிலிருந்து பார்த்தால் மேற்கே பங்கோர் மலை நிற்பதால் மேகம் நெருங்கியபிறகுதான் கண்ணில் படும். புறப்படுமுன் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள்.

நீரோட்டத்துக்கு வீட்டுக் காலண்டரே உதவும். அமாவாசை, பௌர்ணமி முடிந்த ஓரிரு நாளில் ஓட்டம் வலுவாக இருக்கும், அந்த நாள்களைத் தவிருங்கள். நேரத்துக்கு ஓத அட்டவணை பாருங்கள்.

பங்கோருக்குத் தனியாக வேண்டாம். பெர்ரிப் படகுகள் ஓடும் பாதை அது, தாழ்ந்து கிடக்கும் காயாக் அவர்கள் கண்ணில் படாது. கடற்படைத் தளத்துப் பக்கமும் ஒதுங்கக் கூடாது. கால் எட்டாத ஆழத்தில், அலை இருக்கும் நாளில், தம்பி தொடாமல் நீங்களே ஏறி இறைத்து முடிக்க முடிகிற வரைக்கும் தெலுக் பாத்தேக்கை விட்டு வெளியே போகாதீர்கள். அதற்குப்பின் சொல்லுங்கள், நாங்கள் போகும்போது சேர்ந்து போகலாம்.

ஆயர்தாவார்_துடுப்பு

சரி அக்கா. புது ஜாக்கெட் வாங்கியதும் அதையும் தொட்டியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்கு வருவேன்.