மறு: செப்புக் குழாய் அரிமானம் – 'எறும்புவளை' பொருந்துமா?

> 'குழி அரிமானம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. முன்னால் 'நுண்' சேர்த்தால் போதாதா?

போதாது ஐயா. நம் கலைச்சொல் பட்டியலுக்கு நாம் பெயர் தேடுவது, செப்புக் குழாய்ச் சுவருக்குள் குடைந்து கசியவைக்கும் ஒருவகை அரிமானத்துக்கு, அதாவது உலோக அரிப்புக்கு. அதற்குத்தான் 'எறும்புவளை' என்கிறேன். குழி அரிமானம் வேறு ஆள். வாய் அகன்றிருக்கும், பெரும்பாலும் தண்ணீரிலுள்ள குளோரைடின் வேலை, குழாயை அறுத்தால் கண்ணுக்கே தெரியும்.

இது அப்படியில்லை. இங்கே சேலத்தில் ஒரு குளிர்ப்பதன அறை. அதன் காயிலை (குளிர்விக்கும் செப்புக் குழாய்ச் சுருளை) மாட்டி வருடம்கூட ஆகவில்லை, உள்ளே ஓடும் குளிர்ப்பதன கேஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினால் ஃபின்னுக்கு (குழாய்மேல் செருகிய மெல்லிய தகட்டுக்கு) அடியிலிருந்து ஊசிமுனை அளவில் குமிழி. துடைத்துப் பார்த்தால் ஓட்டையே இல்லை, கருஊதாவாக ஒரு புள்ளி மட்டும். இந்த நோயின் சாடை இதுதான். அந்த இடத்தைக் குறுக்கே வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், செம்புக்குள் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் சுரங்கங்களும் அவற்றில் அடைந்து கிடக்கும் செம்பு ஆக்சைடும் தெரியும்.

காற்று, ஈரம், கரிம அமிலம் மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும். ஒன்றை விலக்கினாலும் நின்றுவிடும். அமிலம் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. குழாயை இழுத்துச் செய்யும்போது பூசிய எண்ணெய் துடைபடாமல் தங்கிச் சிதைந்தாலும் ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்கள் உண்டாகும். அதனால்தான் ஓடவே தொடங்காத புதுக் காயிலிலும் கிடங்கிலேயே ஓட்டையாவதுண்டு. சேகோ (ஜவ்வரிசி) ஆலைப் பக்கத்துப் புளித்த வாடைக்கும் இதில் பங்கிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். யாராவது சோதித்தால் நல்லது.

> 'எறும்புப்புற்று அரிமானம்' என்றால் என்ன குறை?

புற்று தரைக்கு மேலே எழும்புவது. இங்கே மேலே ஒன்றுமில்லை, எல்லாம் உள்ளே குடைந்தது. எலிவளை, நண்டுவளை மாதிரி எறும்புவளை. அதோடு பேச்சில் எறும்பு உதிர்ந்து 'குழாய்க்குப் புற்று' என்றாகிவிட்டால் கேட்பவர் ஆஸ்பத்திரியை நினைப்பார். இன்னொன்று, ஃபார்மிக் அமிலத்தையே முதலில், 1671இல், ஜான் ரே எறும்புகளைக் காய்ச்சி வடித்துத்தான் எடுத்தார். பெயரில் எறும்பு இருப்பது அமிலத்துக்கும் பொருந்துகிறது, உருவத்துக்கும் பொருந்துகிறது.

> அமோனியா பிளாண்ட் குழாய்களுக்கும் இதே சொல்தானா?

இல்லை. அமோனியா ஓடும் இடத்தில் செம்பே வைப்பதில்லை, எல்லாம் இரும்புக் குழாய். ஈரத்தோடு சேர்ந்த அமோனியா செம்பைத் தின்றுவிடும். இறுக்கத்தில் இருக்கும் பித்தளை விரிசல் விட்டுவிடும். அந்த விரிசலுக்கு 'தகைவு அரிமான வெடிப்பு' என்று தனிப் பதிவு போடலாம். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் படிக்கிற ஐடிஐ பையன் குழம்பிப்போவான்.

சரி, என் முன்மொழிவு:

எறும்புவளை அரிமானம் – காற்றும் ஈரமும் இருக்கையில் கரிம அமிலம் செப்புக் குழாய்ச் சுவரில் கிளைத்த நுண்சுரங்கங்களைக் குடைந்து கசிவை உண்டாக்கும் அரிமானம்.

'கரிம அமிலம்' போதுமா, 'கார்பாக்சிலிக் அமிலம்' என்றே போடவேண்டுமா? வேதியியல்காரர்கள் சொல்லட்டும்.